வக்கீல் வீட்டுப் படி ஏறுமுன்...

வெண்டைக்காய் வாங்கப் போனால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சொத்தை இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூடையில் போடுகிறோம். பட்டுப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம், கடைக்காரர் ஐம்பது புடவைகளைப் பிரித்துப் போட்ட பிறகும், "வேறே டிசைன் இல்லையா?" என்போம். இவ்வளவு கெட்டிக்காரிகளான நாம் ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டிவிடுகிறோம். குடும்ப வழக்குக்கு வக்கீல் அமர்த்துவதைத்தான் சொல்கிறேன். "மாமாவுக்குத் தெரிந்தவராம்", "அண்ணாவின் ஆபீஸ் சிநேகிதருக்கு மச்சினராம்" என்று யாராவது சொன்னால் போதும், மறுநாள் காலையில் அவர் வாசலில் போய் நின்றுவிடுகிறோம்.

"ஐயையோ, விவாகரத்துச் சமாசாரமா? நம் வீட்டுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! யாருக்கும் அந்த நிலை வர வேண்டாம் என்றுதான் நாமும் வேண்டிக்கொள்வோம். ஆனால் தங்கைக்கோ, நாத்தனார் பெண்ணுக்கோ, எதிர் வீட்டு மருமகளுக்கோ வந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்து வைத்துக்கொள்வதில் தோஷமில்லையே!

நம் பாட்டிமார்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கவலையே கிடையாது. ஏனென்றால் வழியே கிடையாது. சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வது உண்டு. மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். சென்னை ராஜதானியில் 1949-ல் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் இடம் கொடுத்துச் சட்டம் வந்தது. பிறகு தேசம் முழுவதற்குமாக 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தது. இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற பிரிவு அதில் சேர்ந்தது 1976-ல். வழி திறந்துவிட்டது என்னவோ உண்மை. அந்த வழியில் கூட்டிப் போகிறவர் யார் என்பதில்தான் இப்போது நம் ஜாக்கிரதை வேண்டும்.

"நம் வக்கீலே பார்த்துக்கொள்வார்!"

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். கலியாணமாகி ஒன்பது வருஷம், இரண்டு குழந்தைகள். ஒன்றரை வருஷமாகப் பிறந்தகத்தில் இருக்கிறாள். ஒரு நாள் புக்ககத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார். நன்றாகத்தான் பேசுகிறார்.

"எதற்கம்மா கோர்ட்டில் சண்டை போட்டு மானத்தை வாங்கிக்கொள்வது? இரண்டு பேரும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சுலபமாக முடிந்துவிடும். உனக்குத் தனியாக வக்கீல் செலவு வேண்டாம். நம் வக்கீலே இரண்டு பேருக்கும் பார்த்துக்கொள்வார். நீ கையெழுத்துப் போட்டால் போதும்."

களைத்துப் போன மனசுக்கு இந்தப் பேச்சு இளநீராக இருக்கும். ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது? "ஜீவனாம்சம் கோர மாட்டேன், நகைகளை எல்லாம் பெற்றுக்கொண்டுவிட்டேன், குழந்தைகள் தகப்பனாரிடம் இருக்கச் சம்மதிக்கிறேன்" என்று நடுவில் மூன்று வரி இருக்கலாம். குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-ன் 19-வது பிரிவு சொல்கிறது: இரு தரப்பாரின் சம்மதத்தின் பேரில் வழங்கிய தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. பிற்பாடு "ஏமாற்றிவிட்டார்கள்" என்று நிரூபிக்கக் கிளம்பினால், அது இன்னொரு பெரிய வழக்காகிவிடும்.

இதற்காகப் பரஸ்பர சம்மதம் என்பதே கெடுதல் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிவதுதான் முடிவு என்றால் அதுவே நல்ல வழி. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; மனுக் கொடுத்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி கோர்ட்டுக்கு வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ல் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு ஆவதற்குள் மனம் மாறினால் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991-லேயே அதே கோர்ட்டு சொன்னது. இந்த நாலு விவரங்களையும் அந்தப் பெண்ணுக்கு யார் சொல்ல வேண்டும்? அவளுடைய வக்கீல்தான் சொல்ல வேண்டும். எதிர்த் தரப்புக்கு யோசனை சொன்ன வக்கீல் இவள் தரப்புக்கும் வாதாடக் கூடாது என்பது வக்கீல்களின் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே முதல் விதி: சண்டையானாலும் சமாதானமானாலும், உங்களுக்கென்று ஒரு வக்கீல்.

பேசப் போவது யார்?

குடும்ப நீதிமன்றத்தில் ஒரு விசேஷம் உண்டு, பலருக்குத் தெரியாது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரருடைய உரிமை அல்ல. மேற்படி சட்டத்தின் 13-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீதிமன்றம் அனுமதித்தால் வக்கீல் வரலாம், நடைமுறையில் அனுமதிக்கிறார்கள். ஆனால் ஆலோசகர் அறையிலும் சமரசப் பேச்சிலும், பல சமயம் நீதிபதியின் எதிரிலும், "நீங்கள் சொல்லுங்கம்மா!" என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

இதை யோசித்துப் பார்த்தால் எப்படிப்பட்ட வக்கீலைத் தேட வேண்டும் என்பது தானே விளங்கிவிடும். மேஜையைத் தட்டி முழங்குகிறவர் நமக்கு அவ்வளவாகத் தேவையில்லை. நம் வழக்கை நமக்கே புரியும்படி எடுத்துச் சொல்கிறவர்தான் தேவை. தன் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பெண், ஆலோசகர் கேட்டதும் திருதிருவென்று விழிப்பாள். தெரிந்தவள் நாலே வார்த்தையில் சொல்லிவிடுவாள். வழக்கின் போக்கையே அந்த நாலு வார்த்தை மாற்றிவிடும்.

எங்கே தேடுவது?

வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. பெயர், முகவரி, பதிவு எண், எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பது போன்ற விவரங்களை மட்டும் இணையத்தில் வெளியிடலாம். "நகரத்தின் முதல் பத்து விவாகரத்து வக்கீல்கள்" என்று நட்சத்திரம் போட்டுக் காட்டுகிறார்களே, அதை நம்பி இறங்காதீர்கள். இப்படி இணையத் தளங்கள் வக்கீல்களைக் கடைச் சரக்கு போல விளம்பரம் செய்வதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

பின்னே யாரைக் கேட்பது? வழக்கு நடத்தி முடித்த பெண்களைக் கேளுங்கள். "ஜெயித்துக் கொடுத்தாரா?" என்று கேட்காதீர்கள், குடும்ப வழக்கில் ஜெயம் என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம். "வாய்தா அன்று நேரத்துக்கு வந்தாரா? போன் செய்தால் பதில் சொன்னாரா? வாங்கிய பணத்துக்குக் கணக்குச் சொன்னாரா?" என்று கேளுங்கள். குடும்ப நீதிமன்ற வராந்தாவில் அரை மணி நேரம் நின்றால் போதும், பக்கத்தில் நிற்கிற அம்மாளே எல்லாம் சொல்லிவிடுவாள்.

ஊரையும் கவனிக்க வேண்டும். கணவர் இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 2003-ல் செய்த திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். ஆகவே கோயமுத்தூரில் பிறந்தகத்தோடு இருக்கும் பெண், சென்னையில் வக்கீல் தேடி ரயில் ஏற வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோர்ட்டில் தினமும் நிற்கிற வக்கீல்தான் உங்களுக்குச் சௌகரியம்.

எந்தச் சட்டப்படி நடந்த கலியாணம் என்பதும் முக்கியம். மாதா கோவிலில் நடந்தது என்றால் 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். பதிவு அலுவலகத்தில் தனித் திருமணச் சட்டப்படி நடந்தது என்றால் 1954-ம் வருஷத்துச் சட்டம். முஸ்லிம் பெண்ணுக்கு 1939-ம் வருஷத்துச் சட்டம் உண்டு. "இந்த மாதிரி வழக்குகள் நடத்தியிருக்கிறீர்களா, ஐயா?" என்று தாராளமாகக் கேட்கலாம்.

பெண் வக்கீல்தான் வேண்டுமா? பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்ததே 1923-ல்தான். அந்தரங்கமான விஷயங்களைப் பெண்ணிடம் சொல்வது உங்களுக்குச் சுலபம் என்றால் பெண் வக்கீலையே தேடுங்கள். ஆனால் பெண் என்பதற்காக மட்டும் மற்றச் சோதனைகளைக் கைவிட்டுவிடாதீர்கள்.

கையில் பணமில்லையே?

இந்த இடத்தில்தான் அநேகம் பெண்கள் பெருமூச்சு விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம்! சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக உங்களுக்கு இலவசமாக வக்கீல் தர வேண்டும். வருமான வரம்பு கிடையாது. மாவட்டக் கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. தாலூகாக்களிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இப்படி நியமிக்கப்பட்ட வக்கீலுக்கு ஆணைக்குழுவே சம்பளம் கொடுக்கும். அவர் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அந்த அலுவலகத்திலேயே புகார் செய்யலாம்.

இன்னொன்று: வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவு இடம் தருகிறது. கூடுமானவரை, நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் அந்த மனுவை முடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விவாகரத்தே வேண்டாம், சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்கிற பெண்ணுக்குத் தனியாக ஜீவனாம்ச வழக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-வது பிரிவாக இருக்கிறது. அடி உதை என்றால் 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அவசரமென்றால் வக்கீலைத் தேடிக்கொண்டிருக்காமல் முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

முதல் சந்திப்பு

வெறுங்கையோடு போகாதீர்கள். கலியாணப் பத்திரிகை, திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, நகை ரசீதுகள், பாங்கிப் புத்தகம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை உங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கைப்பேசியில் வந்த செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஒரு நாள் சாட்சியமாக உதவும். ஒரே ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்: கலியாணம் என்று, வீட்டை விட்டு வந்தது என்று, கடைசியாகப் பேசியது என்று. உங்களுக்குப் பாதகமான விஷயங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவருடைய சம்மதமில்லாமல் வெளியிட வக்கீலுக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. மறைத்த விஷயம் எதிர்க்கட்சி வக்கீல் வாயிலிருந்து வரும்போதுதான் ஆபத்து.

அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். நல்ல வக்கீல் முதலில் கேட்பார்: "உங்களுக்கு என்னம்மா வேண்டும்? சேர்ந்து வாழவா? பிரியவா? குழந்தைகள் எங்கே படிக்கிறார்கள்? மாதச் செலவுக்கு என்ன வழி?" மற்றொரு வகையினர் நீங்கள் உட்காருவதற்குள்ளேயே, "கவலையை விடுங்கள்! மாமனார், மாமியார், நாத்தனார், அத்தனை பேரையும் உள்ளே தள்ளிவிடுகிறேன். மூன்றே மாதத்தில் முப்பது லட்சம் வாங்கித் தருகிறேன்!" என்பார்கள். கோபத்தில் இருக்கும்போது இந்தப் பேச்சு காதுக்கு இனிக்கும். ஆனால் பொய்யாகக் குற்றப் புகார் கொடுப்பதே கணவருக்குச் செய்யும் கொடுமை, அதைக் கொண்டே அவர் விவாகரத்துப் பெறலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உண்மையில் நடந்த கொடுமையை மறைக்க வேண்டாம். நடக்காததைச் சேர்க்கவும் வேண்டாம். சேர்க்கச் சொல்கிற வக்கீலும் வேண்டாம்.

இந்த ஐந்து கேள்விகளைக் கூசாமல் கேளுங்கள்:

1. என் வழக்குக்கு எத்தனை வழிகள் உண்டு? ஒவ்வொன்றிலும் நன்மை என்ன, தீமை என்ன?

2. கோர்ட்டில் நிற்கப் போவது நீங்களா, உங்கள் ஜூனியரா?

3. பீஸ் எவ்வளவு? மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? டைப் செலவும் குமாஸ்தா செலவும் அதில் அடக்கமா?

4. மனுவைத் தாக்கல் செய்யுமுன் எனக்குத் தமிழில் படித்துக் காட்டுவீர்களா?

5. சமரச மையத்துக்குப் போவது பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. சமாதானத்துக்கு முயற்சி செய்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை என்று சட்டமே சொல்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் தொடங்கிவிட்டார்கள். சமரசம் என்றால் சரணாகதி என்று அர்த்தமில்லை. ஜீவனாம்சத்தையும் குழந்தைகளைப் பார்க்கும் நாட்களையும் வருஷக்கணக்கில் இழுக்காமல் பேசித் தீர்க்க அது ஓர் இடம். "அதெல்லாம் வீண், நேரே சண்டைதான்" என்று முதல் நாளே சொல்கிற வக்கீலையும், "எப்படியாவது அனுசரித்துப் போங்களேன்" என்று அடிபட்டு வந்தவளிடம் சொல்கிற வக்கீலையும் ஒரே தட்டில் வைக்கலாம்.

ஜீவனாம்சம் என்று வந்தால் கணவருடைய சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாமல் போகலாம். கவலை வேண்டாம். இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் உத்தரவிட்டது. மனுச் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீல் தாமாகவே எடுத்துச் சொன்னால், அவர் குடும்ப வழக்குகளில் பழக்கமுள்ளவர் என்று நம்பலாம்.

கையெழுத்துக்கு முன்

வக்காலத்து என்ற தாளில் கையெழுத்து வாங்குவார்கள். உங்கள் சார்பில் ஆஜராக அதிகாரம் தருகிற தாள் அது. சமரசம் செய்துகொள்ளவும், உங்களுக்கு வரவேண்டிய பணத்தைப் பெற்றுக்கொள்ளவும் அதிகாரம் தருகிற வாசகங்களும் அதில் அச்சாகியிருக்கலாம். படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாத வரியை அடிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளிலோ, எழுதாத முத்திரைத் தாளிலோ எக்காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரம் என்று சொன்னாலும் சரி, சொந்த அண்ணாவே சொன்னாலும் சரி.

கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். "இப்போது பீஸ் வேண்டாம், ஜீவனாம்சத் தொகையில் கால் பங்கு கொடுங்கள்" என்று சொல்வது தாராள மனசு போலத் தோன்றும். ஆனால் வழக்கின் முடிவைப் பொறுத்துப் பீஸ் பேசுவதும், கிடைத்த தொகையில் பங்கு கேட்பதும் வக்கீல்களுக்கு விதிப்படி கூடாது.

வழக்குப் பதிவானதும் அதற்குப் பதினாறு எழுத்தும் எண்ணும் சேர்ந்த 'சி.என்.ஆர்.' என்ற அடையாளம் கிடைக்கும். அதைக் குறித்துக்கொண்டால், 'ஈ-கோர்ட்ஸ்' இணையத் தளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ அடுத்த வாய்தா என்று என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வக்கீல் குமாஸ்தாவுக்கு இருபது தடவை போன் செய்ய வேண்டிய அவசியமிராது. ஆள் வராமல் ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டதே என்ற துயரமும் நேராது.

பிடிக்கவில்லை என்றால்?

எல்லாச் சோதனையும் செய்து பார்த்த பிறகும் வக்கீல் சரிப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிக்கொள்ளலாம், பாவமில்லை. "பாக்கிப் பீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்" என்று அவர் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் காகிதங்களை நிறுத்தி வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2000-ல் தீர்ப்பளித்திருக்கிறது. நடத்தையில் கோளாறு என்றால், வக்கீல்கள் சட்டம், 1961-ன் 35-வது பிரிவின் கீழ்த் தமிழ்நாடு - புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். ஆனால் வழக்கு நாம் நினைத்த வேகத்தில் ஓடவில்லை என்பதற்காக மட்டும் வக்கீலை மாற்றாதீர்கள். புதியவர் வந்து கட்டைப் படித்துத் தேறுவதற்குள் நாலு வாய்தா போய்விடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "நல்ல வேளை, எனக்கு இது தேவையில்லை" என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்த பெண் ஒருத்தி வக்கீலைப் பார்க்கக் கிளம்பினால், நீங்களும் துணைக்குப் போங்கள். அழுதுகொண்டிருக்கிறவளுக்குப் பாதி வார்த்தை காதில் விழாது. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போய், அவர் சொல்வதை எழுதி வையுங்கள். அந்த ஐந்து கேள்விகளில் அவள் கேட்க மறந்ததை நீங்கள் கேளுங்கள். வீடு திரும்பியதும், "இப்போதே முடிவு செய்யாதே, இரண்டு நாள் யோசித்து, இன்னொருவரையும் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அவளுக்கு அந்த இரண்டு நாள் அவகாசத்தை வாங்கிக் கொடுப்பதே பெரிய உபகாரம்.